பழுப்பு டயலுக்கு ஒரு பிணம்

போன் அலறியது.

பல் டாக்டர் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பதுதான் சரி. அவளுடைய இரண்டு கைகளும் சூட்கேஸ் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. முழங்காலும் உதவிக்குப் போயிருந்தது.

எட்டு நாள் வெளிநாட்டுப் பயணம். இன்று கடைசி நாள். மாலை ஆறு மணிக்கு விமானம்.

போன் நின்றது. மறுபடி அலறியது.

"சொல்லுங்க" என்றாள். "தலைவலி மாத்திரை கிடைச்சுதா?"

"மா... நான் மருந்துக் கடையில இல்ல."

"தெரியும். அங்க இருந்திருந்தாதான் ஆச்சரியம். எந்தக் கடை?"

"ஆந்தை கடை."

"இன்னும் விலை படியலையா?"

"இனிமே படியாது மா. ஆந்தை செத்துட்டார்."

ஜிப் பாதியில் நின்றது.

"என்னது?"

"தலையில அடிச்சிருக்காங்க. மேஜை பூரா ரத்தம். போலீஸ் வந்தாச்சு. நான்தான் கொன்னுட்டேன்னு நினைக்கறாங்க போல."

"கொன்னீங்களா?"

"மா..."

"கேக்கணும்ல. கேக்காம விட்டா அப்புறம் மனசு உறுத்தும்."

"கொல்லல. ஆனா ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

போனை யாரோ பிடுங்கினார்கள். புரியாத மொழியில் ஒரு அதட்டல் கேட்டது... பிறகு லைன் செத்தது.

பல் டாக்டர் சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய புருஷன்காரன் தொழிலில் லிஃப்ட் இன்ஜினியர். மற்றபடி வாட்ச் பைத்தியம். பழைய வாட்ச் என்றால் போதும், சோறு தண்ணி வேண்டாம். இந்த எட்டு நாளில் அவர்கள் பார்த்தது பதினோரு அடகுக் கடை, மூன்று பழைய பொருள் சந்தை, ஒரே ஒரு அருவி. அந்த அருவியும் ஒரு அடகுக் கடைக்குப் போகிற வழியில் இருந்த பாவத்துக்காகப் பார்த்தது. எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய வேண்டும் என்று அவள் தினமும் கேட்டாள். அவன் தினமும் அடுத்த கடைக்குப் போனான்.

ஐந்தாம் நாள் கிடைத்தது ஆந்தை கடை. வலது கண்ணில் செருகிய லென்ஸை எடுக்கவே எடுக்காத கிழவர் என்பதால் அவன் அவருக்கு வைத்த பேர் அது. அவரிடம் ஒரு வாட்ச் இருந்தது. அறுபது வருஷத்துக்கு முன் கறுப்பாக இருந்த அதன் டயல், வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பாகியிருந்தது. வேறு எந்தச் சாமானாக இருந்தாலும் குப்பையில் போடுவார்கள். வாட்ச் உலகத்தில் அதற்கு மூன்று மடங்கு விலை.

"என் கிளினிக்ல பழுப்பைப் போக்கறதுக்குத்தான் காசு. நீங்க பழுப்புக்கே காசு கொடுக்கறீங்களா?" என்று அவள் கேட்டது மூன்று நாளைக்கு முன்பு.

இன்று அந்தப் பழுப்புக்கு ஒரு உயிர் போயிருந்தது.

*

லாபியில் கைடு காத்திருந்தான்.

பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்து இருபதுக்கே வந்துவிட்டான். சின்ன வயதிலேயே இந்த நாட்டில் வந்து குடியேறிய தமிழ்ப் பையன். முப்பது வயதிருக்கும். எட்டு நாளும் வேன் ஓட்டியவன், வழி காட்டியவன், கடைக்குக் கடை பேரம் பேசியவன் எல்லாம் அவன்தான். விரலில் பச்சைக் கல் மோதிரம், மணிக்கட்டில் செம்புக் காப்பு, வாய் நிறைய அக்கா.

"அக்கா, என்ன முகமே சரியில்ல?"

சொன்னாள். அவன் வாயில் கை வைத்தான்.

"ஐயோ பாவம். வண்டியில ஏறுங்கக்கா. இங்க போலீஸுக்கு நம்ம மொழி ஒரு வார்த்தை புரியாது. நான் கூட இருக்கேன்."

வேன் பறந்தது.

"எனக்கு இந்த வாட்ச் சமாச்சாரமே விளங்கறதில்லக்கா. மணி பார்க்க போன் இருக்கு. ஓட்டை வாட்ச்சுக்குப் போய் சார் ஏன் இப்படி அலையறார்?"

"அதை நான் பதினேழு வருஷமா கேட்டுட்டிருக்கேன் தம்பி."

*

பழைய வணிக வளாகம் ஒன்றின் மாடி. ஒரு பக்கம் தையல் கடை, மறுபக்கம் கேமரா ரிப்பேர் கடை. நடுவே எட்டுக்குப் பத்தில் ஆந்தை கடை. சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஆளுக்கொரு நேரம் காட்டின.

ஆந்தை மேஜைமேல் கவிழ்ந்திருந்தார். செத்த பிறகும் கண்ணிலிருந்து லென்ஸ் விழவில்லை!

அவர் முன்னால் பச்சை வெல்வெட் தட்டு. பக்கத்தில் ஒரு சின்னத் தோல் பெட்டி, வாயைப் பிளந்துகொண்டு காலியாகக் கிடந்தது. பழுப்பு டயல் போயே போய்விட்டது. வாசல் பக்கம் சிவப்பு நிறத் தீயணைப்பு சிலிண்டர் உருண்டிருந்தது. அதன் அடியிலும் ரத்தம்.

மூலையில் ஒரு முக்காலி. முக்காலியில் புருஷன்காரன். பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் மேல் ஏற்றிய பிள்ளை மாதிரி ஒடுங்கியிருந்தான்.

இன்ஸ்பெக்டர் ஜன்னலோரம் நின்றார். ஒல்லி, வழுக்கை. அந்த முகத்தை வைத்துச் சீட்டாடினால் ஊர் சொத்தையே ஜெயிக்கலாம். அப்படி ஒரு உணர்ச்சியும் இல்லாத முகம்.

அவர் ஏதோ கேட்டார். கைடு முன்னால் வந்து பவ்யமாகப் பேசினான்.

"நான்தான் மொழிபெயர்க்கப் போறேன்னு சொல்லிட்டேன்கா. சரின்னுட்டார்."

இன்ஸ்பெக்டர் வெல்வெட் தட்டைக் காட்டினார். தட்டில் ஒரு வாட்ச் இருந்தது. அது புருஷன்காரனுடைய வாட்ச்.

"உங்க வாட்ச் எப்படி பிணத்துக்குப் பக்கத்துல வந்துச்சுன்னு கேக்கறார் சார்" என்றான் கைடு.

புருஷன்காரன் மனைவியைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"நான் பத்து மணிக்கு உள்ள வந்தேன். கவுந்து கிடந்தார். உயிர் இருக்கான்னு நாடி பிடிச்சுப் பார்த்தேன்."

"அதுக்கும் வாட்ச்சுக்கும் என்ன சம்பந்தம்?" இதைக் கேட்டது பல் டாக்டர்.

"நாடி பிடிக்கறதுக்கு முன்னாடி என் வாட்ச்சைக் கழட்டி வெச்சேன்."

"எதுக்கு?"

"அவர் கையில தங்க வாட்ச் கட்டியிருந்தார் மா. என்னோடது உரசினா கீறல் விழுந்துடும்ல."



இது வாட்ச் பைத்தியங்களின் வேதம். அடுத்தவன் வாட்ச்சைத் தொடுவதற்கு முன் தன் வாட்ச், மோதிரம், காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். முடிந்தால் மூச்சையும் கழற்றி வைப்பார்கள். பதினேழு வருஷமாக வீட்டில் அவள் பார்க்கிற கூத்துதான். ஆனால் ஒரு பிணத்துக்கும் அந்த மரியாதை உண்டு என்பது இன்றுதான் தெரிந்தது.

"தம்பி, அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க" என்றாள்.

கைடு சொன்னான். நாலே வார்த்தை.

இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதினார். அரைப் பக்கம்!

"மா" என்று கிசுகிசுத்தான் புருஷன்காரன். "கையெட்டற தூரத்துல அஞ்சு பித்தளைக் கடிகாரம் இருக்கு, பாரு. ஒவ்வொண்ணும் நூறு வருஷம். அதுல ஒண்ணைக்கூடத் தொடாம வாசல் வரைக்கும் போய் சிலிண்டரை எடுத்துட்டு வந்து அடிச்சிருக்கான். நல்ல மனுஷன்."

"கொலைகாரனுக்கு நன்னடத்தை சர்ட்டிபிகேட் கொடுக்கறீங்களா? வாயை மூடிட்டு உட்காருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குள் ஏதோ உறைத்தது. கோபத்தில் கொலை செய்கிறவன் கைக்குக் கிடைத்ததை எடுப்பான். கைக்குக் கிடைத்ததை விட்டுவிட்டு நாலடி நடந்தவன், கடிகாரத்தின் அருமை தெரிந்தவன். இன்னொரு பைத்தியம்.

அப்படி ஒரு பைத்தியம் ஏற்கெனவே முக்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் பிரச்சினை.

அவள் மேஜை அருகே குனிந்து பார்த்தாள். தினமும் ரத்தம் பார்க்கிற தொழில். ரத்தம் காய்ந்து, ஓரத்தில் கறுத்து, வெல்வெட்டோடு ஒட்டிப்போயிருந்தது.

"தம்பி, இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்க. இந்த ரத்தம் காஞ்சு குறைஞ்சது ரெண்டு மணி நேரமாவது இருக்கும். எங்க வீட்டுக்காரர் ஹோட்டலை விட்டுக் கிளம்பினதே ஒன்பதே முக்காலுக்கு. லாபியில கேமரா இருக்கு. பார்க்கச் சொல்லுங்க."

கைடு தலையாட்டினான். இன்ஸ்பெக்டரிடம் ஏதோ சொன்னான். சின்னதாக, சோகமாக.

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். ரத்தத்தைப் பார்க்கவில்லை. கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு அவன் காதில் இரண்டு வார்த்தை முணுமுணுத்தார். கான்ஸ்டபிள் படியிறங்கிப் போனான்.

"என்ன சொன்னார் தம்பி?"

"டீ வாங்கிட்டு வரச் சொன்னார்கா."

*

போலீஸ் ஸ்டேஷன். மணி பன்னிரண்டரை.

டீ வரவில்லை.

இன்ஸ்பெக்டரின் அறையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, கறகறவென்று சுற்றும் ஃபேன். புருஷன்காரனின் பாஸ்போர்ட் மேஜையின் அந்தப் பக்கம் போயிருந்தது. அது இந்தப் பக்கம் வராவிட்டால் ஆறு மணி விமானத்தில் ஒரு சீட் காலியாகப் பறக்கும்.

இவர்கள் பக்கம் உட்கார்ந்திருந்த கைடு, இரண்டு தாள் நிறைய எழுதிக்கொண்டிருந்தான். கொக்கி கொக்கியாக ஒரு எழுத்து.

"என்ன தம்பி அது?"

"சாரோட வாக்குமூலம்கா. நான் பிணத்தைப் பார்த்தேன், போலீஸுக்குச் சொன்னேன், அவ்வளவுதான். இதுல கையெழுத்துப் போட்டா பாஸ்போர்ட்டைக் கொடுத்துடறேன்னு சொல்றார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். நாலு மணிக்கு ஏர்போர்ட்ல இறக்கி விட்டுடறேன். என் பொறுப்பு."

புருஷன்காரனுக்கு முகம் மலர்ந்தது.

"நல்ல பையன் மா. இவன் இல்லன்னா நம்ம கதி என்ன ஆகியிருக்கும்?"

பேனாவை எடுத்தான்.

அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் டிராயரைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையை வெளியே எடுத்தார். உள்ளே ஆந்தை கட்டியிருந்த தங்க வாட்ச். உறையிலிருந்து எடுத்துக் கைடு பக்கம் நீட்டி ஏதோ கேட்டார்.

"காணாமப் போன வாட்ச் இதுவான்னு சார்கிட்ட காட்டிக் கேக்கச் சொல்றார்" என்றான் கைடு.

சொல்லிக்கொண்டே கை வேலை செய்தது.

பச்சைக் கல் மோதிரம் கழன்றது. சட்டைப் பைக்குப் போனது. செம்புக் காப்பு கழன்றது. அதுவும் போனது. விரல் நுனியைப் பேன்ட்டில் ஒரு தடவை துடைத்துக்கொண்டான். வாட்ச்சை இரண்டு விரலால் ஓரம் பிடித்து வாங்கினான். திருப்பி முதுகைப் பார்த்தான். காதில் வைத்தான். கட்டை விரல் தானாகப் போய் மூன்று சுற்று சாவி கொடுத்தது.

எல்லாம் ஐந்து விநாடி. அவனுக்கே தெரியாமல் நடந்தது.

பல் டாக்டரின் கண் அவன் விரல்களிலேயே நின்றது.

இந்த ஐந்து விநாடியை அவள் பதினேழு வருஷமாக, தன் வீட்டு ஹாலில், ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்திருக்கிறாள்.

மணி பார்க்கப் போன் இருக்கிறதாம் இவனுக்கு...

"கையெழுத்துப் போடாதீங்க."

பேனா முனை தாளைத் தொட்டிருந்தது.

"ஏன் மா?"

"போடாதீங்கன்னா போடாதீங்க. பேனாவைக் கீழ வைங்க."

கைடு நிமிர்ந்தான். "என்னாச்சுக்கா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவளுடைய கண்கள் சட்டைப் பைக்குப் போயின. மோதிரம் கழன்ற விரலுக்குப் போயின. கைடும் தன் விரலைப் பார்த்தான்.

புரிந்துவிட்டது அவனுக்கு. முகத்திலிருந்த பணிவு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் ஏதோ கெட்டியாகிப் போனது.

"சார்" என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தமிழிலேயே ஆரம்பித்தாள். "இவன்தான் கொலைகாரன்."

இன்ஸ்பெக்டர் ஒன்றும் புரியாதவராகக் கைடைப் பார்த்தார். கைடு பெருமூச்சு விட்டான். பரிதாபமாக ஐந்தாறு வார்த்தை சொன்னான்.

இன்ஸ்பெக்டர் அனுதாபத்தோடு தலையாட்டி, தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் தள்ளினார்.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்கள். இங்கே பூனையே காவல், பூனையே சாட்சி, பூனையே மொழிபெயர்ப்பாளர்! கொலைகாரனைக் காட்டிக்கொடுக்க அவளிடம் இருந்த ஒரே வாய், கொலைகாரனின் வாய்.

"என்ன சொன்னே அவர்கிட்ட?"

"உங்களுக்கு அதிர்ச்சியில மனசு சரியில்லன்னு சொன்னேன்கா" என்றான் கைடு மெதுவாக. "நீங்க பேசப் பேச சாருக்குத்தான் கெடுதல். கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"மா, தம்பியா? தம்பி போயி..." புருஷன்காரனுக்கு நாக்கு குழறியது.

"தம்பியாம் தம்பி. இப்ப அந்த வாட்ச்சை எப்படிப் பிடிச்சான், பார்த்தீங்களா? மோதிரத்தைக் கழட்டினான். காப்பைக் கழட்டினான். சாவி கொடுத்தான். வாட்ச்சே தெரியாதவன் பண்ற வேலையா இது?"

புருஷன்காரன் இரண்டு விரலால் காற்றில் ஒரு வாட்ச்சைப் பிடித்துப் பார்த்தான்.

"ஓரமா பிடிச்சான்ல... ஆமா மா, கண்ணாடியில விரலே படல. நான்கூட நினைச்சேன், யாரோ முறையா சொல்லிக் கொடுத்திருக்காங்கன்னு."

"நினைச்சீங்கள்ல? அதைச் சொல்றதுக்கென்ன?"

அழுகை வந்தது அவளுக்கு. நிஜமான அழுகை. இந்தப் பைத்தியத்தைக் கண் காணாத ஊரில், கொக்கி எழுத்துக்காரர்களிடம் விட்டுவிட்டு அவள் தனியாக விமானம் ஏற முடியாது. ஏறவும் மாட்டாள். அடகுக் கடை அடகுக் கடையாக இழுத்தடித்தாலும் அவன் அவளுடைய பைத்தியம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யோசித்தாள். இனி போலீஸ் மாதிரி யோசித்துப் பயனில்லை. வாட்ச் பைத்தியம் மாதிரி யோசிக்க வேண்டும்.

பழுப்பு டயல் எங்கே?

"சார், நான் சொல்றது உங்களுக்குப் புரியாது. இவன் ஒழுங்கா சொல்லவும் மாட்டான். இருந்தாலும் சொல்லித் தொலைக்கறேன். அந்த வாட்ச் இப்ப இவன்கிட்டதான் இருக்கு."

கைடு இன்ஸ்பெக்டரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"வேன்ல வெச்சிருக்க மாட்டான். வெளிய கொளுத்தற வெயில்ல டயல் போயிடும். மனசு வராது. பாக்கெட்ல போட மாட்டான், சாவிக்கொத்து இருக்கு, உரசும். ரூம்லயும் விட்டுட்டு வர மாட்டான். முதல் நாள் இல்லியா, பிரியவே முடியாது. கையில கட்டினா மாட்டிக்குவான். அதனால கால்ல கட்டியிருப்பான். சாக்ஸுக்கு மேல, துணி சுத்தி. எங்க வீட்டுக்காரர் நாலு வருஷம் முன்னாடி கஸ்டம்ஸ்ல அப்படித்தான்..."

"மா, அதை ஏன் இங்க சொல்ற?" என்று பதறினான் புருஷன்காரன்.

கைடு சிரித்துக்கொண்டேதான் இருந்தான். ஆனால் இடது காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"என்ன மொழிபெயர்க்கப் போறே தம்பி?" என்றாள்.

கைடு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். மூன்று வார்த்தை சொன்னான்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்தார். நோட்டை மூடினார். பேனாவைச் சட்டைப் பையில் சொருகினார். கைடுக்கு முன்னால் வந்து நின்றார்.

"காலைக் காட்டுடா, கட்டையில போறவனே" என்றார்.

தமிழில்!



கைடு எழுந்து ஓடப் பார்த்தான். கதவைத் திறந்தால் கான்ஸ்டபிள். டீ வாங்கப் போன அதே கான்ஸ்டபிள். கையில் டீ இல்லை. ஹோட்டல் கேமராவிலிருந்து எடுத்த படம் இருந்தது. மறு கையால் கைடின் சட்டைக் காலரைப் பிடித்தான்.

பேன்ட் உயர்ந்தது. சாக்ஸுக்கு மேல் மஞ்சள் துணி. துணிக்குள் பழுப்பு டயல். சாவி கொடுத்து, நேரம் சரிபார்த்து, ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு வருஷம்" என்றான் கைடு. குரல் உடைந்திருந்தது. "மூணு வருஷமா வாரா வாரம் போய் அதைப் பார்த்துட்டு வந்தேன். விக்கவே மாட்டேன்னு சொன்ன கிழவன், இவர் வந்ததும் தலையாட்டிட்டான். காலையில ஏழரைக்குப் போய்க் காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். சிரிச்சான். சொல்லுங்க, இவர்கிட்ட போனா என்ன ஆகும்? இவர் அந்த டயலுக்கு பாலிஷ் போட்டுடுவார்."

முக்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவன், வாக்குமூலத்துக்கும் பேனா எடுத்த புருஷன்காரன், இப்போது துள்ளி எழுந்தான்.

"யாரு, நானா? நான் பாலிஷ் போடுவேனா? கொலைகாரன்னு சொல்லு, பொறுத்துக்கறேன். பாலிஷ் போடறவன்னு சொல்லாதே."

"உட்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள் பல் டாக்டர்.

கைடை இழுத்துக்கொண்டு போனார்கள்.

இன்ஸ்பெக்டர் அந்த இரண்டு தாளையும் நாலாகக் கிழித்தார்.

"இதுல என்ன சார் எழுதியிருந்துச்சு?"

"நான்தான் கொன்னேன், வாட்ச்சை ஆத்துல வீசிட்டேன்னு எழுதியிருக்கான்."

புருஷன்காரன் பேனாவை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவைத்தான்.

"நீங்க நாடி பார்த்தேன்னு சொன்னதை, செத்தவன் கை வாட்ச்சைக் கழட்டப் பார்த்தேன்னு சொன்னான். அம்மா ரத்தம் காஞ்சிடுச்சுன்னு சொன்னதை, மயக்கமா வருதுன்னு சொன்னான். கேமரான்னதை, ஹோட்டல் ரூம் காலி பண்ணணும்னான். கடைசியா கால்ல வாட்ச் இருக்குன்னு சொன்னீங்களே, பசிக்குதாம்னு சொன்னான்."

"முதல்லயே தெரிஞ்சும் ஏன் சார் சும்மா இருந்தீங்க? எனக்கு உயிரே போயிடுச்சு" என்றாள் பல் டாக்டர்.

"பொய் சொல்றான்னு தெரிஞ்சுது. ஏன் சொல்றான்னு தெரியல. அவனுக்கு வாட்ச் தெரியும்னு கண்டுபிடிச்சது நீங்க. எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சதும் நீங்க. நான் நடுவுல வாயைத் திறந்திருந்தா அவன் வாயை மூடியிருப்பான்."

பாஸ்போர்ட் மேஜையின் இந்தப் பக்கம் வந்தது. மணி இரண்டு.

"இவ்வளவு நல்லாத் தமிழ் பேசறீங்களே, எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

"என் சம்சாரம் தமிழ்ப் பொண்ணு. மாமியார் கூடவே இருக்காங்க. பதினெட்டு வருஷம் ஆச்சு." அந்த உணர்ச்சியில்லாத முகத்தில் முதல் முறையாக ஒரு பெருமை தெரிந்தது. புருஷன்காரனின் தோளில் கை போட்டு வாசல் வரை அழைத்துக்கொண்டு வந்தார். "எங்க ஊருக்கு மறுபடியும் வரணும், தண்டம். தண்டம் வந்தா நம்ம வீட்டுலதான் தங்கணும், என்ன?"



"சார்... இப்ப என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?" என்றாள் பல் டாக்டர்.

"ஏன், தப்பா? எங்க மாமியார் என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. வந்துட்டியா தண்டம், சாப்பிட்டியா தண்டம்னு. மாப்பிள்ளைங்களை மரியாதையா கூப்பிடற பழைய வார்த்தைன்னு என் சம்சாரம் மொழிபெயர்த்துச் சொன்னா."

பல் டாக்டர் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் காட்டிக்கொடுத்தால் போதும் என்று முடிவு செய்தாள்.

"தப்பே இல்ல சார். நான்கூட இவரை வீட்டுல அப்படித்தான் கூப்பிடறேன்."